6 வயது மகனுக்கு ‘கார்ஸ் 3’ காட்டலாமா? ரேஸ் பார்த்து வேகப் பைத்தியம் பிடித்துவிடாதா?

தாராளமாகக் காட்டுங்கள். விபத்துக் காட்சியை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் போல. படத்தின் நாயகனான ரேஸ் கார் மெக்குயின் டயர் வெடித்து உருளுகிற இடத்தில் சின்னப் பிள்ளை பயப்படலாம், அந்த நேரம் பக்கத்தில் இருங்கள், போதும்.

ஆனால் வேகப் பைத்தியம் என்ற கதைதான் எனக்கு விளங்கவில்லை. படத்தில் வேகம் எல்லாம் ஜாக்சன் ஸ்டோர்ம் பக்கம்தான், சிமுலேட்டரில் பழகி வருகிற புதுத் தலைமுறைக் கார் அது. அதைத் துரத்தி முடியாமல் மெக்குயின் கடைசியில் ஸ்மோக்கி என்ற கிழட்டு ட்ரக்கிடம் போய்த்தான் பாடம் படிக்கிறது. அந்த ஸ்மோக்கிக்குப் பின்னால் ஒரு உண்மையான ஆள் இருக்கிறார், அமெரிக்காவில் டேடோனா பீச்சில் கராஜ் வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக். மெக்குயினின் பழைய குரு டொக் ஹட்சனாக வருகிற ஹட்சன் ஹார்னெட்டும் 1950களின் தொடக்கத்தில் பந்தயங்களை அள்ளின கார்தான். 6 சிலிண்டர், 5 லீற்றர் எஞ்சின், எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கிற காபரேட்டர் இரண்டு. உடம்பு தரையோடு பதிந்து இருந்ததால் வளைவுகளில் 8 சிலிண்டர்க் கார்களுக்கே தண்ணி காட்டியது.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பைத்தியம். என் மகள் படம் முடிந்த கையோடு கராஜுக்கு வந்து, அந்தக் காலத்து எஞ்சின் எப்படி ஓடும் என்று கேட்டாள். மூலையில் கிடந்த எம்டி 90 மோட்டார் சைக்கிளின் காபரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, போரால் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை மூடியிருந்து பெற்றோல் வராத காலத்தில், 2002இல் அது திறக்கும் வரைக்கும், பிறகு 2006இல் மூடினதும் மறுபடியும், வன்னியில் இதெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது என்றேன். அவள் நம்பவேயில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் பற்றாது, அதனால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் விடுவோம், புகை ஊரை மறைக்கும், பிளக் கரி பிடிக்கும், நடு றோட்டில் இறங்கி அதைச் சுரண்டிவிட்டுத் திரும்ப உதைக்க வேண்டும். (எஞ்சினுக்குக் கூடாது என்று யாரும் கீழே வந்து வகுப்பு எடுக்கவேண்டாம். எங்களுக்கும் தெரியும், ஆசைப்பட்டா செய்தோம்?) அன்றைக்கு அவள் ட்யூஷனுக்குப் போகவில்லை, இரண்டு பேருக்கும் வீட்டில் நல்ல ஏச்சு.

பொம்பிளைப் பிள்ளைக்குக் கார்ப் படம் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் கடைசி ரேஸைப் பார்க்கவில்லை. பாதியில் மெக்குயின் தன் இடத்தைக் கொடுக்க, அதன் 95 இலக்கத்தோடு ஓடி முதலாவதாக வருவது குரூஸ் என்ற பெண் கார்தான்.

வேகப் பைத்தியத்தைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் மாங்குளத்தடியில் வந்து நில்லுங்கள். முன்னால் நிற்கிற நாலு சனத்தை யார் ஏற்றுவது என்று இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்தும், எதிரே மாடு வந்தாலும் சரி மனிதர் வந்தாலும் சரி. போன மாதம் பைக்கில் வந்த என்னையும் மகளையும் றோட்டுக் கரை மண்ணுக்குள் தள்ளிவிட்டுத்தான் ஒரு பஸ் போனது. முறைப்பாடு சொல்லப் போனால் பஸ் நம்பர் என்ன என்று கேட்கிறார்கள். மண்ணுக்குள் பைக்கைப் பிடிப்பதா, பிள்ளையைப் பிடிப்பதா, நம்பரைப் பாடமாக்குவதா? இதைப் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி போடுங்கள், எனக்கு எழுத நிறைய இருக்கிறது.