பாசிசம் அதிகாரத்தைப் பிடித்த விதம்: திருகோணமலை உயர்தர மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலை மாணவி: சேர், ஹிட்லர் தேர்தலில வென்றுதானே வந்தவர்?

பதில்: தனிப் பெரும்பான்மை அவருக்கு ஒருக்காலும் கிடைக்கவில்லை, பிள்ளை. 1932 நவம்பரில் வாக்கு குறைந்துகூடப் போனது. 1933 ஜனவரி 30இல் அவரை ஜெர்மனியின் சான்சலராக, அதாவது அரசாங்கத் தலைவராக, நியமித்தவர் ஜனாதிபதி ஹின்டன்பேர்க். ஹிட்லரைக் கைக்குள் வைத்திருக்கலாம் என்று நம்பிய பழமைவாதிகளே அதற்கு வழிவிட்டார்கள். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரகால ஆணை வந்தது. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் போயின. வழக்கில்லாமல் ஆட்களைப் பிடித்து அடைக்கலாம். ஆட்சி விழும்வரை அந்த ஆணை நீங்கவேயில்லை.

கிண்ணியா மாணவர்: பாராளுமன்றமே அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்ததாமே?

பதில்: ஓம் தம்பி. இதை நன்றாக மனதில் வைத்திருங்கள். மார்ச் 23, பெர்லினில் குறோல் ஒப்பரா மண்டபம். அமைச்சரவைக்கே சட்டம் இயற்றும் அதிகாரம் தரும் சட்டமூலத்துக்குப் பாராளுமன்றம் அங்கே வாக்கெடுக்கிறது. சுவரோரமாக ஹிட்லர் கட்சியின் கபிலச் சட்டைக் குண்டர்கள் நிற்கிறார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையில் அல்லது தலைமறைவில். கத்தோலிக்க மையக் கட்சி ஹிட்லரின் வாக்குறுதியை நம்பிக் கை தூக்கியது. வந்திருந்த சமூக ஜனநாயகவாதிகள் 94 பேரும் எதிர்த்தார்கள். அவர்களின் தலைவர் ஒட்டோ வெல்ஸ், சுதந்திரத்தையும் உயிரையும் எங்களிடமிருந்து பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்று ஹிட்லரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆதரவு வாக்குகள் 444. அன்றிலிருந்து அமைச்சரவையே சட்டம் இயற்றலாம். மே மாதம் தொழிற்சங்கங்களை நொறுக்கினார்கள். ஜூலையில் நாட்டில் ஒரே கட்சிதான்.

மூதூர் மாணவி: இத்தாலியிலயும் இப்படியா சேர்?

பதில்: அங்கே கொஞ்சம் மெதுவாக. 1922 ஒக்டோபரில் மன்னர் இராணுவச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்து, முசோலினியைப் பிரதமராக்கினார். கேள்வி கேட்ட சோசலிசப் பாராளுமன்ற உறுப்பினர் மத்தேயொத்தியை 1924இல் கொன்றார்கள். 1926க்குள் மற்றக் கட்சிகள் இல்லை.

நிலாவெளி மாணவர்: அயல் நாடுகளை எப்படி விழுங்கினார்கள்?

பதில்: ஒவ்வொரு முறையும் எதிர்ப்பை ஆழம் பார்த்துத்தான். 1935இல் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்து நச்சுவாயு பொழிந்தார். ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் வர்த்தகத் தடை விதித்தது. எண்ணெயைத் தடை செய்யவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. 1936இல் ஹிட்லர், ஜெர்மனிக்குள்ளேயே படை வைக்கக் கூடாதென்றிருந்த றைன்லாந்துக்குப் படை அனுப்பினார், தடுப்பாரில்லை. 1938இல் ஒஸ்ரியா. அதன் தங்க இருப்பு, ஆயுதச் செலவால் வற்றிய ஜெர்மன் கஜானாவுக்குப் போனது. அந்த செப்டெம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவைக் கூறுபோட்டபோது அந்த நாட்டைப் பேச்சுக்கே கூப்பிடவில்லை. அடுத்த மார்ச்சில் அதன் தலைநகர் பிராக்கும் ஸ்கோடா ஆயுத ஆலையும் ஹிட்லர் கையில்.

சீனக்குடா வாசகர்: எங்கட ஊரில குண்டு போட்ட ஜப்பானும் பாசிச நாடா?

பதில்: வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அங்கே கட்சி அரசைப் பிடிக்கவில்லை; இராணுவமே அரசை இழுத்துச் சென்றது. 1940இல் கட்சிகளும் கலைந்தன. 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்த, டச்சுக்காரரிடமிருந்த இந்தோனேசிய எண்ணெய் வயல்களை ஜப்பான் பிடித்தது. அந்த வெற்றிகளுக்கு மேற்கிலிருந்து பிரித்தானியக் கடற்படை ஆபத்தாக இருந்தது. அதனால்தான் 1942 ஏப்ரல் 9இல் எங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு விழுந்தது.