ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றால் குழந்தை குறையில்லாமல் பிறக்கும் என்று நம்பலாமா?

பெருமளவு நம்பலாம், முழுதாக நம்ப முடியாது.

நான் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். மகனைச் சுமந்தபோது எனக்கு வயது 37. 12ஆம் வாரத்தில் என்.டி. ஸ்கேனும் (கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் அளவைப் பார்ப்பது) ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோமுக்கு (கூடுதல் குரோமோசோமால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) '1:140, ஹை ரிஸ்க்' என்று தாளில் இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாமியார்தான் தாளை வாங்கிப் பார்த்து, "140 பேரில் 139 பேருக்கு ஒன்றும் இல்லையே கண்ணு" என்றார். அதன் பொருளே அதுதான். அது யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரிக்கிற பரிசோதனை, நோயை உறுதி செய்வதல்ல.

அப்புறம் என்.ஐ.பி.டி. எடுத்தோம். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கருவில் ஏறக்குறைய 99ஐக் கண்டுபிடித்துவிடும். அதிலும் பாசிட்டிவ் வந்தால் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு. எனக்கு 'லோ ரிஸ்க்' வந்தது. 20ஆம் வார ஸ்கேனில் இதயம், முதுகெலும்பு, உதடு எல்லாம் சரி.

மகனுக்கு 5 மாதமானபோது தீபாவளி வந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மாமியார் வீட்டுத் தெருவே வெடிச்சத்தத்தில் அதிர்ந்தது. வீட்டு நாய் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்க, இவன் என் தோளில் அசையாமல் தூங்கினான். "நல்ல பிள்ளை" என்றார்கள் எல்லோரும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வாரம் செவிப் பரிசோதனை செய்தோம். இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவு என்றார்கள்.

முன்பு எடுத்த எந்தப் பரிசோதனையும் தப்பில்லை. காது கேட்குமா என்பதை அவை பார்ப்பதே இல்லை. ஆட்டிசமும் அப்படித்தான், பிரசவ நேரத்தில் மூச்சு முட்டி வருகிற மூளைப் பாதிப்பும் அப்படித்தான். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிலிருந்து மூன்று வரை செவிக்குறையோடு பிறக்கின்றன.

அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் டாக்டரிடம் "இது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?" என்று கேளுங்கள். மோசமாக வந்தால் என்ன செய்வோம் என்று கணவன் மனைவி முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை விடாதீர்கள். இந்த நாட்டில் 2003 முதல் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் அதைச் சேர்க்கிறார்கள், முதுகுத்தண்டுப் பிளவு போன்ற மூளை, தண்டுவடப் பிறவிக் குறைகள் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்தன. பிறந்ததும் செவிப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். இங்கே எல்லா மருத்துவமனையிலும் தானாகச் செய்வதில்லை, எங்களுக்கும் செய்யவில்லை.

இப்போது அவனுக்கு 4 வயது, காதில் கருவி இருக்கிறது. குக்கர் விசிலை விரல் மடக்கி எண்ணுவான். மூன்றானதும் "அம்மா, அடுப்பு!" என்று கத்துவான்.