ஃப்ளோரிடாவுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, எடிசனிலிருந்து நீங்கள் எழுதிக் கேட்டது இதுதான். நியூ ஜெர்சியில் வருமான வரியும் சொத்து வரியும் கட்டி மாளவில்லை. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாதாமே. டாம்பா பக்கம் ஒரு வீடு வாங்கிவிட்டால் திருச்சியிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு நீங்களும் ரிட்டையர் ஆகி அங்கேயே இருந்துவிடலாம். ஆனால் போனவர்களே திரும்பி வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஏன், எந்த ஊர் நல்லது, பள்ளிக்கூடம் எப்படி, வெயில் எப்படி?

பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் பிள்ளைகள் படித்து முடித்துப் போய் நாளாகிவிட்டது, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். திருச்சிக்காரருக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புழுக்கம் மட்டும் சென்னை மாதிரி, மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் விடாது. வீட்டைப் பற்றியும் வயசானவர்களைப் பற்றியும் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். ஃப்ளோரிடாவில் ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். அவர்கள் எதற்கு வந்தார்கள், எதற்குப் போகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

வரி விஷயம் உண்மைதான். 1924-லேயே மாநில அரசமைப்பில் எழுதிவைத்துவிட்டார்கள், தனிமனித வருமானத்துக்கு வரி போட முடியாது என்று. வாரிசு வரியும் இல்லை. 2018-ல் மாநில வரிக்கும் சொத்து வரிக்கும் சேர்த்து மத்திய வரிக் கணக்கில் 10,000 டாலருக்கு மேல் கழிக்க முடியாது என்று ஆனபோது (2025-ல் அந்த வரம்பை ஏற்றிவிட்டார்கள்) நியூயார்க், நியூ ஜெர்சிக்காரர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள். அப்புறம் கொரோனா, வீட்டிலிருந்தே வேலை. 2022-ல் நாட்டிலேயே வேகமாக மக்கள்தொகை பெருகிய மாநிலம் இதுதான். அந்த இடம் 1957-க்குப் பிறகு அப்போதுதான் கிடைத்தது. இங்கே ஒரு வேடிக்கை: ஓஹையோ, மிச்சிகன்காரர்கள் ஐ-75 சாலையில் இறங்கி வந்து டாம்பா, நேப்பிள்ஸ் பக்கம் தங்குவார்கள். நியூயார்க்காரர்கள் ஐ-95-ல் வந்து கிழக்குக் கரையில் தங்குவார்கள்.

ஆனால் நம் ஆட்கள் வார இறுதி விருந்தில் சொல்லும் கணக்கு எனக்குப் பிடிக்காது. "வருஷத்துக்கு இவ்வளவு மிச்சம்" என்று வரியை மட்டும் கழித்துச் சொல்வார்கள். வீட்டு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

முதலில் சொத்து வரி. வீட்டை விற்கிறவர் கட்டும் வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஹோம்ஸ்டெட் என்று ஒரு சலுகை. வீட்டின் மதிப்பில் சுமார் 50,000 டாலர் வரை கழித்துவிட்டு வரி போடுவார்கள். அதைவிட முக்கியம், வரிக்கான மதிப்பை வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இருபது வருஷம் அங்கேயே இருந்த தாத்தாவுக்கு வரி கொஞ்சமாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கிய அடுத்த ஜனவரியில் சந்தை மதிப்புக்கு ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று, நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் ஹோம்ஸ்டெட் பொதுவாகக் கிடைக்காது, கிரீன் கார்டாவது வேண்டும். ஹோம்ஸ்டெட் இல்லாவிட்டால் வரிக்கான மதிப்பை வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். இதை வீட்டு ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார்.

அடுத்தது இன்சூரன்ஸ். இதைத்தான் தலையில் அடித்துச் சொல்ல வேண்டும். 2021 தொடங்கி இங்கே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாகின. எங்கள் வீட்டுக் கம்பெனி, பெயர் வேண்டாம், கூரைக்கு வயசாகிவிட்டது என்று ஒரு கடிதம் போட்டு விலகிக்கொண்டது. ஒரு ஓடுகூட உடையவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. மொத்தக் கூரையையும் பிரித்துப் புதிதாகப் போட்ட பிறகுதான் வேறு கம்பெனி எங்களைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் பழைய பிரீமியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். யாருமே எடுக்காவிட்டால் மாநிலம் ஏற்படுத்திய சிட்டிசன்ஸ் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது, கடைசிப் புகலிடம். ஆகவே வீடு பார்க்கப் போனால் நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள், கூரை எந்த வருஷம் போட்டது என்று கேளுங்கள். 15 வருஷம் தாண்டியிருந்தால் புதுக் கூரையின் விலையையும் வீட்டு விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தாலும் புயலுக்குத் தனி டிடக்டிபிள், அதாவது சேதத்தில் முதலில் நாமே போட வேண்டிய பணம். பெரும்பாலும் 500, 1,000 டாலர் என்று இருக்காது, வீட்டுக் காப்புத் தொகையில் 2 சதவீதம், 5 சதவீதம் என்று இருக்கும். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பு என்றால் 2 சதவீதத்துக்கே முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. வெள்ளம் இதில் சேரவே சேராது, அதற்குத் தனிப் பாலிசி. மத்திய அரசின் வெள்ளப் பாலிசியைப் புயல் வருகிற வாரம் ஓடிப் போய் வாங்கினால் பயனில்லை. பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும்.

வெள்ளம் என்றால் மழை வெள்ளத்தை நினைக்காதீர்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் எங்களைத் தொடாமல் தூரமாகக் கடலில் போனது. போகிற போக்கில் கடலைத் தள்ளிவிட்டுப் போனது. டாம்பாவை ஒட்டிய பினெல்லாஸ் கரையோர வீடுகளில் உப்புத் தண்ணீர் இடுப்பு வரை. மறுவாரம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகிறேன், தெரு முழுக்க வீட்டு வாசலில் நனைந்த மெத்தை, சோபா, ஃப்ரிட்ஜ், சுவரிலிருந்து பிய்த்த ஜிப்சம் பலகை எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அதை அள்ளி முடிப்பதற்குள் அக்டோபர் 9-ம் தேதி மில்டன் வந்தது. அந்த வட்டாரத்தில் பழைய தாழ்ந்த வீடு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு இடி: வெள்ள மண்டலத்தில் பழுதுபார்க்கும் செலவு வீட்டுக் கட்டடத்தின் மதிப்பில் பாதியை எட்டினால், அந்த வீட்டை இன்றைய விதிப்படி உயர்த்திக் கட்ட வேண்டும். 78 வயதில் யார் வீட்டை உயர்த்திக் கட்டுவது? மனையை மட்டும் விற்றுவிட்டுப் போனார்கள்.

புயலைப் பற்றிப் பேசினால் 2004 ஞாபகம் வந்துவிடுகிறது. நான் வந்த வருஷம் அது. மதுரையிலிருந்து ஒரு ஏஜென்சி மூலம் வந்தோம். ஆர்லாண்டோவில் இரண்டு அறை அபார்ட்மென்டில் மூன்று பெண்களைப் போட்டு, ஆளாளுக்கு முழு வாடகை சம்பளத்தில் பிடித்தார்கள். கார் இல்லை, லைசென்ஸ் இல்லை. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. சார்லி புயல் டாம்பாவுக்குப் போகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிற்பகலில் திடீரென்று திரும்பி புன்டா கோர்டாவில் கரை ஏறி, ராத்திரி நேராக எங்கள் தலைமேல் வந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு போர்ட்டோ ரிக்கோ அம்மாதான் கதவைத் தட்டி, குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வை, ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் மெத்தையை இழுத்துப் போட்டு உட்கார் என்று கையைக் காட்டிச் சொன்னார். அன்றிரவு கேட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. விடிந்ததும் கரண்ட் இல்லை, பல நாள் வரவில்லை. அந்த அம்மாவின் கரி அடுப்பில்தான் சோறு வடித்தோம், எலுமிச்சை ஊறுகாயை அவரும் எங்களோடு சாப்பிட்டார். அடுத்து பிரான்சிஸ், ஜீன் என்று அதே வருஷம் மேலும் இரண்டு. ஊர் முழுக்கக் கூரைகளில் நீலத் தார்ப்பாய். ஏஜென்சியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை, வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தை மட்டும் மறக்காமல் பிடித்தார்கள்.

இன்றைக்கு எங்கள் கேரேஜில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளந்து வெட்டிய ப்ளைவுட், எண் போட்டு அடுக்கியிருக்கிறது. புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1 பிறந்தால் தண்ணீர், பேட்டரி, மருந்து எல்லாம் தயார். தெருவில் புதிதாக யார் வந்தாலும் நான் போய்க் கதவைத் தட்டுவேன். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியது தம்பி, புயலுக்குப் பயந்து மட்டும் வராமல் இருக்காதீர்கள்.

உண்மையைச் சொன்னால், வயசானவர்கள் திரும்பிப் போவதற்குப் புயல் முதல் காரணம் இல்லை. கார்தான்.

சன் சிட்டி சென்டர் என்று டாம்பாவுக்குத் தெற்கே ஓர் ஊர், முழுக்க 55 வயதைத் தாண்டியவர்களுக்கானது. கடைக்கும் டாக்டருக்கும் கோல்ஃப் வண்டியில் போவார்கள். கிளப், நீச்சல், நடனம், எழுபது வயதில் புதிதாகக் கல்யாணம் செய்தவர்களும் உண்டு. கணவன் மனைவி இருவரும் திடமாக இருக்கிறவரை சொர்க்கம்தான், நான் பொய் சொல்லவில்லை. ஒருவர் போய்விட்டால்? ஓஹையோவிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு நான் நடைப் பயிற்சி கொடுத்தேன். கணவர் இறந்துவிட்டார், கண் பார்வை மங்கியதால் லைசென்ஸ் போய்விட்டது. 80 வயதுக்கு மேல் இங்கே கண் பரிசோதனை செய்துதான் புதுப்பிப்பார்கள். கேரேஜில் காரும் கோல்ஃப் வண்டியும் தூசி படிந்து நிற்கின்றன. ஃப்ரிட்ஜ் கதவில் மகள், மகன், பேரன் போன் நம்பர்கள் பெரிய எழுத்தில். எல்லாம் ஓஹையோ நம்பர். மளிகை வாங்க வாரம் ஒருமுறை யாராவது வர வேண்டும். நான் போகிற நாளில் காபி போட்டு வைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், பயிற்சிக்காக இல்லை, பேசுவதற்காக. கடைசியில் மகள் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

அடுக்குமாடியில் சொந்த வீடு வைத்திருக்கும் காண்டோக்காரர்கள் கதை வேறு. 2021 ஜூன் 24-ல் மயாமி பக்கம் சர்ஃப்சைடில் ஒரு காண்டோ இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன்பின் மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள பழைய காண்டோ கட்டடங்களுக்குப் பரிசோதனை கட்டாயம், பழுதுபார்க்கப் பணம் சேர்த்து வைப்பதும் கட்டாயம். சட்டம் சரியானதுதான், முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காகச் சேர்க்காமல் விட்டதை ஒரே தடவையில் கேட்டால், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வுப் பணத்தை நம்பி இருப்பவர் எங்கே போவார்? விற்றுவிட்டு நார்த் கரோலினா, டென்னசி, ஜார்ஜியா மலைப்பக்கம் போகிறார்கள். பாதி வழி திரும்பியவர்கள் என்பதால் அவர்களுக்கு ஹாஃப்பேக் என்றே பெயர். நம்மவர்களிலும் சில குடும்பங்கள் நார்த் கரோலினாவின் சார்லட் பக்கம் போய்விட்டன. அதில் ஒருவர் வளர்த்த கறிவேப்பிலை மரம் இப்போது என் தோட்டத்தில் இருக்கிறது; அதை மாநிலத்தை விட்டுக் கொண்டுபோகத் தடை. இங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் தங்கும்.

இப்போது உங்கள் அப்பா அம்மா. அந்த ஓஹையோ பாட்டிக்கு இங்கே இருந்த கடைசி வருஷம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் அவர்களுக்கு இங்கே முதல் நாளே இருக்கும். கார் ஓட்ட மாட்டார்கள், நடந்து போகக் கடை இல்லை, வெளியே பத்து நிமிஷம் நின்றால் வேர்த்துக் கொட்டும். நம் ஆட்கள் ஐந்து படுக்கையறை வீடு வாங்கி, பெற்றோரை உள்ளே வைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. முழங்கால் வலி என்று என்னிடம் வரும் அம்மாக்களில் பாதிப் பேருக்கு வலி முழங்காலில் இல்லை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு பக்கம் இருந்தால் அவர்கள் நடந்து போய்க் காய்கறி வாங்குவார்கள், பேச நாலு பேர் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மருத்துவச் செலவையும் சொல்லிவிடுகிறேன். விசிட்டர் விசாவில் வந்தால் மெடிகேர், அதாவது வயசானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, கிடையாது. இங்கே வேலை செய்யாதவர்கள் கிரீன் கார்டு வாங்கி, தொடர்ந்து 5 வருஷம் இங்கே இருந்த பிறகுதான் 65-க்கு மேல் பணம் கட்டிச் சேரலாம். அதுவரை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த வரி எல்லாம் அதிலேயே போகும். 55-க்கு மேற்பட்டவர்களுக்கான ஊரில் அவர்களோடு சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் அங்கே சின்னப் பிள்ளைகள் நிரந்தரமாகத் தங்கக் கூடாது. ஆர்லாண்டோவுக்கு வடமேற்கே டவாரஸில் சாந்திநிகேதன் என்று இந்தியர்களுக்கான குடியிருப்பு இருக்கிறது, சைவச் சாப்பாடும் கிடைக்கும். நாளைக்கு நீங்கள் ரிட்டையர் ஆகும்போது வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். டாம்பாவுக்கு வடக்கே வெஸ்லி சேப்பல் பக்கம் நம் ஆட்கள் நிறைய, ராஜகோபுரத்தோடு கோயில் டாம்பாவில் இருக்கிறது. ஆனால் உடனே வாங்காதீர்கள். புயல் பருவமான ஜூன் முதல் நவம்பர் வரையையும் உள்ளடக்கிய ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள், அப்பா அம்மாவையும் அந்த ஆகஸ்டில் ஒரு மாதம் அழைத்து வைத்துப் பாருங்கள். வீடு பிடித்துவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த விலாசத்துக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், எந்த வெள்ள மண்டலம் என்று பாருங்கள். கிரீன் கார்டு இருந்தால் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்கு மார்ச் 1 கடைசி நாள். வாடகை வீடு தேடும்போது எழுதுங்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.