நகரத் திட்டமிடலில் பொதுச் சுகாதாரத்தைச் சேர்ப்பது என்றால் என்ன?

தெரு, குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பைக் கிடங்கு எல்லாம் எங்கே வரவேண்டும் என்று முடிவெடுக்கும்போதே, அங்கே வாழப்போகிறவர்களின் உடம்புக்கு இதனால் என்ன ஆகும் என்றும் கேட்டுத் திட்டத்தைத் திருத்துவது. அவ்வளவுதான்.

ஏன் முன்கூட்டியே? வீடு கட்டும்போது கிணற்றையும் கழிவுநீர்த் தொட்டியையும் தள்ளித் தள்ளித்தானே வைக்கிறோம். பக்கத்தில் வைத்துவிட்டால் அப்புறம் எத்தனை மருந்து வாங்கினாலும் வயிற்றுப்போக்கு நிற்காது. ஊருக்கும் அதே கதைதான்.

லண்டனில் 1854-ல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார், பெரும்பாலானவை ஒரே தெருப் பம்பைச் சுற்றி இருந்தன. பிறகு 1858 கோடையில் தேம்ஸ் நதி தாங்கமுடியாமல் நாறியதும், பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை அமைக்கத் தொடங்கினார். 1866-ல் காலரா மறுபடி வந்தது. அந்த வேலை இன்னும் முடியாத கிழக்கு லண்டனைத்தான் கடுமையாகத் தாக்கியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? நம் பக்கம் 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் குடிநீர், வடிகால் பொறுப்பை உள்ளாட்சிகளிடம்தான் கொடுத்தது.

பலர் நினைப்பதுபோல இது கூடுதல் ஆஸ்பத்திரி கட்டுகிற திட்டம் இல்லை, இதில் பெரும்பகுதி வேலை பொறியாளர்களுடையதும் உள்ளாட்சி மன்றத்துடையதும்.