மேட்டு பில்லரும் பள்ளத்து பில்லரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரி பக்கம் 8 சென்ட் சரிவு நிலத்தில் வீடு கட்டுகிறோம். கோவைப் பொறியாளர் ஒருவர் நிலத்துக்கு வராமலே, கூகுள் எர்த்தில் உயரம் எடுத்து, கட்டடம் தாங்குமா என்று கணக்கிடும் ஸ்டாட் சாஃப்ட்வேரில் டிசைன் போட்டுக் கொடுத்தார். மேட்டுப் பக்கத்துக் குட்டை பில்லர்களுக்கு ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாக வேண்டும், தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும் என்கிறார் மேஸ்திரி. "கம்ப்யூட்டரில் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது, எதையும் மாற்றாதீர்கள்" என்கிறார் பொறியாளர். யார் பேச்சைக் கேட்பது? டிப்ளமோ சிவில் படிக்கும் என் மகன் எந்த சாஃப்ட்வேர் கற்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

மேஸ்திரி சொன்ன இரண்டும் சரி. சாஃப்ட்வேரும் கூட்டல் பெருக்கலில் தப்பு செய்திருக்காது. அதற்குள் போனது உங்கள் நிலம்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் புழங்குவது 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ராடார் வைத்து எடுத்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். உங்கள் 8 சென்ட் முழுவதும் அதற்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும். கற்பூர மரத்தோப்பு இருந்தால் ராடார் தரையைத் தொடாமலே திரும்பியிருக்கும். பல மீட்டர் பிழை அதில் சகஜம். பில்லர் நீளம் எடுக்க அது உதவாது. சர்வேயரைக் கூப்பிட்டு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து, அரை மீட்டருக்கு ஒன்றாக கான்டூர் (சம உயரக் கோடு) போடச் சொல்லுங்கள். பாறை தலைகாட்டும் இடம், ஊற்று, மேல் ரோட்டுச் சாக்கடை திரும்பும் இடம் மூன்றையும் அதே படத்தில் குறிக்க வேண்டும். ட்ரோன் வேண்டாம், அது தேயிலைச் செடியின் தலையைத்தான் அளக்கும்.

இப்போது பில்லர். சரிவு நெடுக ஒரே வரிசையில் மூன்று பில்லர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தளத்துக்குக் கீழே மேட்டு பில்லர் 1.5 மீட்டர், நடு பில்லர் 3, பள்ளத்து பில்லர் 4.5. மூன்றுக்கும் ஒரே அகலம், ஒரே கம்பி. காற்றோ நிலநடுக்கமோ பக்கவாட்டில் தள்ளும்போது மேலே உள்ள தளம் மூன்றையும் ஒரே அளவு நகர்த்தும். பில்லர் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கும் என்பது நீளத்தின் மும்மடிக்குத் தலைகீழ். 1.5 மீட்டர் பில்லர் 4.5 மீட்டர் பில்லரைவிட 27 மடங்கு விறைப்பு. மொத்த விசையில் 100-க்கு 86 பங்கு குட்டை பில்லருக்குப் போகும்; நடு பில்லருக்கு 11, பள்ளத்து பில்லருக்கு 3. சமவெளி வீடு மாதிரி எல்லா அடியையும் மாடலில் ஒரே மட்டத்தில் நிறுத்தினால் மூன்றுக்கும் 33 என்றுதான் சாஃப்ட்வேர் காட்டும், பாஸும் ஆகும். உண்மையில் 86 வாங்கும் பில்லர் 33-க்கான ரிங்கோடு நிற்கும். வளைவதற்கு முன்பே குறுக்காகக் கீறி உடையும்.

அதனால் பொறியாளரிடம் சாஃப்ட்வேர் மாடலின் பக்கவாட்டுப் படத்தை மட்டும் கேளுங்கள். பில்லர் அடிகள் படிபோல் இறங்கினால் நல்லது. ஒரே நேர்கோட்டில் நின்றால் டிசைனைப் புதிதாகப் போட வேண்டும். ரிங்கை மட்டும் நெருக்கித் தப்பிக்க முடியாது. பள்ளத்து பில்லர்களை நடு உயரத்தில் டை பீமால் (பில்லர்களை இணைக்கும் குறுக்கு பீம்) கட்டலாம், அல்லது தளத்தையே படியாக இறக்கலாம். குட்டை பில்லருக்கு ரிங் முழு உயரத்துக்கும் நெருக்கமாக வர வேண்டும்: 300 மி.மீ. பில்லரில் 16 மி.மீ. கம்பி என்றால் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920 கணக்குப்படி 75 மி.மீ. இடைவெளி, கொக்கி 135 டிகிரி மடிப்பு. பிற்காலத்தில் பில்லர்களுக்கு இடையே பாதி உயரத்துக்கு மட்டும் சுவர் எழுப்பிவிடாதீர்கள். நெட்டை பில்லரும் குட்டையாகிவிடும்.

பக்கத்துப் பக்கத்துப் புட்டிங்குகளின் (பில்லருக்கு அடியில் வரும் அஸ்திவாரம்) அடிமட்டம் 2 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அதையும் வரைபடத்தில் அளந்து பார்க்கலாம். திரையில் 'ஃபிக்ஸ்டு' என்று குறித்த புட்டிங் இம்மியும் அசையாது. பாதி வெட்டு மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்தது அசையும்.

தடுப்புச் சுவர் உயரம் நீங்கள் எழுதவில்லை. 4 மீட்டர், மண் கன மீட்டருக்கு 1.8 டன், உராய்வுக் கோணம் (மண் தன் பிடிப்பில் நிற்கும் அளவு) 30 டிகிரி என்று எடுத்தால், காய்ந்த மண் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தள்ளுவது ஏறக்குறைய 5 டன். அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் உச்சி வரை நின்றால் 10 டன் தாண்டும். சாஃப்ட்வேரில் தண்ணீர் மட்டம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அது காய்ந்த மண் என்றே எடுத்துக்கொள்ளும். சுவருக்கு மேலே நிலம் 20 டிகிரி ஏறினால் காய்ந்த மண்ணின் தள்ளலே கால் பங்கு கூடும். நீலகிரியின் ஆழமான செம்மண் சரிவு எப்படி வழியும் என்பதை 2009 நவம்பர் மழையின் நிலச்சரிவுகள் காட்டின. மேஸ்திரி கேட்கும் ஜல்லி அதற்குத்தான்: 300 மி.மீ. கனம், மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் ஜியோ துணி, சுவரின் குறுக்கே 1.5 மீட்டருக்கு ஒன்றாக மாற்றி மாற்றி தண்ணீர் வடிய 100 மி.மீ. குழாய், வாய் வெளிப்பக்கம் தாழ்ந்து. துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் செம்மண் ஜல்லியை அடைத்துவிடும். கான்கிரீட் போடும்போது குழாய் வாயில் சிமென்ட் சாக்கைத் திணிப்பார்கள், எடுக்க மறப்பார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிட்டே மண் நிரப்பச் சொல்லுங்கள்.

காற்றில் ஒன்று. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இல் மலை முகட்டுக்கு காற்று வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டும் எண் உண்டு. அதை 1 என்றே விட்டுவிடுகிறார்கள். அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால் 1.85 மடங்கு வரை போகலாம். ஷீட் கூரை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு விளையாட்டரங்கின் எஃகுக் கூரையைக் கம்ப்யூட்டரில்தான் கணக்கிட்டார்கள். கட்டும்போது கணக்கைப்போல் இரண்டு மடங்கு தொங்குவதை அளந்து சொன்னார்கள். அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 18 அதிகாலை, பனி பெய்த இரவில் அது விழுந்தது. கூரையின் எஃகுத் தண்டுகளுக்குக் குறுக்குத் தாங்கல் இருப்பதாக மாடலில் எடுத்துக்கொண்டார்கள்; கட்டடத்தில் அப்படி இல்லை. உங்கள் மேஸ்திரி கேட்பதும் அந்த மாதிரிக் கேள்விதான்.

இன்னொரு சோதனை உங்கள் கையிலேயே உள்ளது. மாடியோடு சேர்த்து 200 சதுர மீட்டர் வீடு என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 1.2 டன் வைத்து 240 டன் வரும். பில்லர் அடிகளில் இறங்குவதாக சாஃப்ட்வேர் தரும் சுமைகளின் கூட்டுத்தொகை 150 டன் என்று வந்தால் சுவர் எடையைப் போட மறந்திருக்கிறார்கள். 3 மீட்டர் உயர 9 அங்குலச் செங்கல் சுவர் மீட்டருக்கு 1.4 டன்.

மகன் முதலில் எக்ஸெலில் மேலே சொன்ன மூன்று பில்லர்களைப் போட்டு 86, 11, 3 வருகிறதா பார்க்கட்டும். பிறகு கல்லூரியில் ஸ்டாட் இருந்தால் அதையே அதில் போடட்டும். 86 வராது, வேறு எண் வரும். பீம் வளைவதால் அப்படி. பீமைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் 86-ஐ நெருங்கும். அதுவரை எட்டாப்ஸ் என்ற இன்னொரு டிசைன் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டாம்.