முதல் கூட்டம் ஒட்டவில்லை, வேறு கூட்டம் தேடலாமா?

கேள்வி: வயது 43. பெங்களூரு அல்சூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். சிவாஜிநகரில் வெல்டிங் பட்டறை வேலை. ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை எடுத்துக் குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு காலை சர்ச் ஹாலில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள், கடைசியில் ஜெபம் மாதிரி ஏதோ சொன்னார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவரும் அங்கே இருந்தார். கூச்சமாகிவிட்டது, அப்புறம் போகவில்லை. மனைவி தினமும் சண்டை போடுகிறாள். கட்டாயம் போகத்தான் வேண்டுமா?

பதில்: போக வேண்டும். ஆனால் அதே கூட்டத்துக்குத்தான் என்றில்லை. ஏ.ஏ. குழுக்களுக்கு மேலதிகாரி யாரும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நடக்கிறது. ஒன்றில் கலகலப்பு, ஒன்றில் கண்டிப்பு, இன்னொன்றில் நாலே பேர். நாலைந்து இடம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெங்களூருவில் தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஏ.ஏ. உதவி எண்ணில் கேட்டால் இடமும் நேரமும் சொல்வார்கள். மகளின் ஸ்கூல் பீஸைக் குடித்துத் தீர்த்த கதையை இரவல் மொழியில் சொல்ல வராது. வந்தாலும் பாதிதான் வரும்.

மொழிக்கு அடுத்தபடி, சிலருக்கு அதற்கும் மேலாக, நான் பார்ப்பது நேரத்தை. பட்டறை மூடியதும் கை கழுவிவிட்டு எம்.ஆர்.பி. மதுக்கடை வாசலில் ஒரு நைன்ட்டி பாக்கெட் என்று பல வருடம் பழகிய உடம்பு உங்களுடையது. குடித்த இடம், நேரம், வாடை எல்லாவற்றையும் மூளை குடியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். விட்டு மாதக்கணக்கான பிறகும் அந்த வேளை வந்தால் கை பரபரக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். ஞாயிறு காலையில் உங்களுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. வாரக்கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆபத்து. எனவே சாயங்காலக் கூட்டமாகப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கமா என்பதைவிடப் பட்டறைக்குப் பக்கமா என்று பாருங்கள். வேலை முடிந்து நேரே போகிற வழியில் அந்தக் கடை குறுக்கிடக் கூடாது. ஆட்டோவுக்குச் சுற்றுவழியாக முப்பது ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாதீர்கள். பாதி வேலை அதற்குப் பிறகு டீ குடிக்கிற பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. உங்களைப் போலக் கைவேலை செய்கிறவர், சில வருடமாகக் குடிக்காமல் நிற்பவர் யாராவது இருந்தால் போன் நம்பர் வாங்குங்கள். ஸ்பான்சர் என்று அவர்கள் சொல்வது இப்படி ஒருவரைத்தான். ராத்திரி பத்து மணிக்கு உங்கள் போனை எடுக்கிறவராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஏ.ஏ.வுக்கு மதம் கிடையாது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது, இருவருமே குடிநோயாளிகள். சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். ஹால் கிடைக்கிறது என்பதால் சர்ச்சில் நடக்கிறது. ஜெபம் பிடிக்காவிட்டால் சும்மா நின்றால் போதும். தெருக்காரரைப் பற்றிய கூச்சமும் வேண்டாம், அவரும் அங்கே வேடிக்கை பார்க்க வந்திருக்கமாட்டார். கூட்டத்தில் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் பொது.

இதெல்லாம் வெறும் பேச்சுதானே என்று தோன்றலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசியது. நோயாளியை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சையில், குடியை முழுதாக விட்டு நிற்பவர்கள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட அதிகமாகவே இருந்தார்கள்.

கட்டணம் கேட்கிற கூட்டம் ஏ.ஏ. அல்ல. உண்டியல் சுற்றி வரும். போடலாம், போடாமலும் இருக்கலாம். 'மாத்திரையை நிறுத்து, மனஉறுதி போதும்' என்று அங்கே யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.வே சொல்வது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் பொறுப்பு.

ஒருவேளை சறுக்கி, மறுபடி தினமும் குடிக்கிற நிலை வந்தால் வீட்டிலேயே சட்டென நிறுத்த முயலாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மது, போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனம் விட்டுத் தமிழில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது, ஆனால் அதைத் தீர்க்கிற இடம் உங்கள் கூட்டம் அல்ல. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம். ஏ.ஏ.வில் திறந்த கூட்டம் என்று அறிவிப்பதற்கு மட்டும் அவரையும் கூட்டிப் போங்கள். மற்றவை குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமே. வாசலில் காவலுக்கு உட்காரச் சொல்ல வேண்டாம்.