பின், லூப், மூன்று வளையம்: ரிக்கரிடம் கேள்வி பதில்

ரிசர்வ் பாராசூட் (மெயின் என்ற முதல் பாராசூட் கைவிட்டால் திறப்பது) மடிப்பதும் ரிக் (இரண்டையும் வைத்து முதுகில் மாட்டும் பை) பழுது பார்ப்பதும் ரிக்கரான என் தொழில். ஸ்கைடைவிங் கருவிகளைப் பராமரிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, 60 ஜம்ப் முடித்திருக்கிறேன். சொந்த ரிக் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ரிசர்வை ரிக்கர் பார்த்துக்கொள்வார். நான் எதைப் பார்க்க வேண்டும்?

ரிக்கர் கையில் உங்கள் ரிக் வருடத்துக்கு ஓரிரு முறைதான் வரும். உங்கள் கையில் ஒவ்வொரு ஜம்புக்கும் இருக்கிறது. அதனால் மீதி எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மெயினை மூடும் லூப். அந்தச் சின்னக் கயிறும் அதில் செருகிய வளைந்த பின்னும் (உலோக ஊசி)தான் மொத்த மெயினையும் உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு நூல் பிய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். நீளத்தையும் கவனியுங்கள். லூப் தளர்வாக இருந்தால் விமானத்துக்குள் முதுகு எங்காவது உரசினாலே பின் நழுவிவிடும். கதவு திறந்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் ஆபத்து உங்களோடு நிற்காது, விமானத்தில் இருக்கும் எல்லாருக்கும்தான். வானத்தில் நடந்தால், பைலட் சூட் (மெயினை வெளியே இழுக்கும் குட்டி பாராசூட்) அதன் பையிலேயே மாட்டிக்கொண்டிருக்க மெயின் மட்டும் வெளியே போய் லாடம் போல வளையும். இதைத்தான் ஹார்ஸ்ஷூ என்பார்கள். எங்கள் தொழிலில் மிகவும் பயப்படுகிற கோளாறுகளில் அது ஒன்று. புது லூப் மாற்ற ஐந்து நிமிடம் போதும். பையில் எப்போதும் இரண்டு உபரி வைத்திருங்கள்.

அப்புறம் பைலட் சூட். பிரைடில் (பைலட் சூட்டை மெயினோடு இணைக்கும் நாடா) ஓரத்தில் இருக்கும் சின்ன ஜன்னலில் கலர் தெரிகிறதா என்று மடிக்கும்போது பாருங்கள். கலர் தெரியவில்லை என்றால் பைலட் சூட் விரியாது, மெயினை இழுக்காது. பழைய ரிக்கில் இன்னொன்றும் உண்டு. பைலட் சூட்டின் நடுவில் ஓடும் கயிறு நாள்பட்டுச் சுருங்கிவிடும். கலர் சரியாகத் தெரிந்தாலும் பைலட் சூட் முழுசாக விரியாமல் இடுப்பு ஒடிந்தது போல நிற்கும். கையில் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: மெயினை ரிக்கோடு பிணைக்கும் மூன்று வளையத்தை மாதம் ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான் இதுவரை கட்அவே (கோளாறான மெயினைக் கழற்றிவிடுவது) செய்ததே இல்லை. அப்புறம் எதற்கு?

இதுவரை செய்யவில்லை என்பதால்தான். பில் பூத் உருவாக்கிய இந்த அமைப்பில் பெரிய வளையம் சுமக்கும் எடை ஒவ்வொரு வளையமாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெள்ளை லூப்பில் ஒரு சிறு பங்குதான் விழும். அந்த லூப்பில் செருகியிருக்கும் மஞ்சள் கேபிளை உருவினால் எல்லாம் பிரிந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருந்தால் ரைசர் நாடா (மெயினின் கயிறுகளை ரிக்கோடு இணைக்கும் பட்டை) வளையங்களைச் சுற்றி வளைந்தபடியே இறுகிவிடும். மெயின் நன்றாக விரிந்து இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இழுப்பிலேயே பிரிந்துவிடும். மெயின் தன் மடிப்புப் பையை விட்டு வெளியே வராமல் மேலே ஆடிக்கொண்டிருந்தால் இழுப்பு குறைவு. இறுகிப்போன நாடா அப்போதுதான் காலை வாரும்.

எப்படிச் செய்வது? தரையில் உட்கார்ந்து கேபிளை முழுசாக உருவுங்கள். இரண்டு விரலால் கேபிளை நுனிவரை தடவுங்கள். பிசுபிசுப்போ மணல் நெருடலோ தெரிந்தால் துணியால் நன்றாகத் துடைத்து, தயாரிப்பாளர் கையேடு எண்ணெய் போடச் சொல்லியிருந்தால் அதில் சொன்ன எண்ணெயை மட்டும் ஒரு சொட்டு விட்டு மறுபடியும் துடையுங்கள். ரைசர் நாடாவை வளையங்கள் உட்காரும் இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிப் பிசையுங்கள். வெள்ளை லூப் பிய்ந்திருக்கிறதா, வளையத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பக் கோர்க்கும்போது ஒரு வளையம் அடுத்த வளையத்துக்குள் மட்டும்தான் போக வேண்டும். வெள்ளை லூப் மிகச் சின்ன வளையத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெயின் ரொம்ப அழுக்காகிவிட்டது. வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது. சோப்பும் உலுக்கலும் துணியின் பூச்சைக் கெடுக்கும், கயிறுகள் சிக்கும். காய்ந்த மண்ணை உதறுங்கள். கறை இருந்தால் வெறும் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஒற்றி எடுத்து நிழலில் காயவையுங்கள். வெயில் கூடாது, நைலானுக்குப் புற ஊதாக் கதிர் எதிரி.

கேள்வி: கயிறுகளை எப்போது மாற்றுவது?

எந்தக் கயிறு என்பதைப் பொறுத்தது. ஸ்பெக்ட்ரா என்ற வகை, ஸ்லைடர் (திறப்பை மெதுவாக்க, கயிறுகள் வழியே இறங்கும் துணி) உரசும் சூட்டில் சுருங்கும். பிரேக் கயிறு அதிகமாகச் சுருங்குவதால் கேனபி (விரிந்த பாராசூட்) பறக்கும் விதமே மாறும், திறப்பும் கோணலாகும். வெக்ட்ரான் வகை சுருங்காது, ஆனால் தேய்ந்துகொண்டே வந்து ஒரு நாள் பட்டென்று அறும். மேலே பஞ்சு போலப் பிசிர் நிற்பதுதான் அதன் எச்சரிக்கை. ஸ்லைடர் வளையத்தின் உள்விளிம்பையும் விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் ஒவ்வொரு திறப்பிலும் கயிற்றை அறுக்கும்.

கேள்வி: கையால் மென்மையாகத் துவைத்தால் பரவாயில்லையா?

மேலே சொன்னதுதான். கூடாது.

கேள்வி: 180 நாளுக்கு ஒரு முறை ரிசர்வைப் பிரித்து மடிக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. மடிக்க மடிக்கத் துணிதானே தேய்கிறது? சும்மா மூடிக் கிடக்கும் துணிக்கு என்ன ஆகப்போகிறது? வருடம் ஒரு முறை போதாதா?

பாதி சரி. ரிசர்வ் துணியைப் பிடித்துக் காற்றை வெளியேற்றி மடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் இறுக்கம் கொஞ்சம் குறைகிறது. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் ரிசர்வ் லேபிளில் கட்டங்கள் இருக்கும். 40 மடிப்பு அல்லது 25 பயன்பாடு ஆனால் சோதனைக்கு அவர்களிடமே அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் 2008 வரை 120 நாள் கெடு இருந்தது, அப்புறம் 180 ஆனது. பழைய கெடுவில் 40 மடிப்பு 13 வருடத்தில் தீரும், இப்போது ஏறக்குறைய 20 வருடம் வரும். ஆக, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ‘சும்மா கிடக்கும் துணிக்கு ஒன்றும் ஆகாது’ என்பதை ஏற்க மாட்டேன். 1980-களில் சில வட்ட ரிசர்வ்களின் வலைத்துணியில் அமிலம் உருவாகி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த நைலானை வலுவிழக்கச் செய்தது. பார்வைக்குத் துணி புதுசு போல இருக்கும். பச்சைச் சாயம் ஒன்றைத் தடவி அமிலத்தைக் கண்டுபிடித்து, துணியை இழுத்துப் பார்த்துத்தான் நல்லது கெட்டது பிரித்தார்கள். அவற்றில் ஒரு தடவைகூடத் திறக்காதவையும் உண்டு.

கேள்வி (வேறொருவர்): அது வட்டக் குடைக் காலத்துக் கதை. இன்றைய துணிக்கு அதை இழுக்காதீர்கள். ரிக்கர்களுக்கு வருமானம் வேண்டும், அதுதான் உண்மை.

வருமானம் வேண்டும்தான், மறைக்கவில்லை. துணியை விடுங்கள், மற்றதைக் கேளுங்கள். போன வருடம் ஒருவர் கெடு முடியாத ரிக் கொண்டுவந்தார். வழக்கம்போல அதை மாட்டிக்கொண்டு ரிசர்வ் கைப்பிடியை இழுக்கச் சொன்னேன். ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், முகம் சிவந்தது, வரவில்லை. நான் முதுகுப்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். லூப் அளவுக்கு மேல் குட்டையாக இருந்தது, பின் வளையத்தின் விளிம்பில் அழுந்தி லேசாக வளைந்தே போயிருந்தது. 22 பவுண்டுக்குள், அதாவது சுமார் 10 கிலோ இழுப்பில் வர வேண்டிய பின் அது. அந்த ரிக்கோடு அவர் எத்தனை ஜம்ப் போயிருக்கிறார் என்று கேட்டபோது பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த ரிக்கில் துணி பழுதே இல்லை. பிரிக்கச் சொல்வது இதற்காகத்தான்: லூப், பின், ஏ.ஏ.டி. (ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) கட்டர் வழியாக லூப் போகிறதா, ஈரம், துரு.

கேள்வி (முதலில் கேட்டவர்): சரி, இழுத்துப் பார்ப்பதை நானே செய்யலாமா?

ரிக்கரிடம் கொடுக்கும் நாளில், அவர் முன்னால், தரையில் மாட்டிக்கொண்டு கட்டாயம் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் இலவசப் பயிற்சி. ஆனால் ரிசர்வ் பின்னில் ரிக்கர் போட்ட முத்திரை நூல் இருக்கும் பக்கம் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. இருக்கிறது. அது காப்பாற்றிவிடும்தானே?

அது ரிசர்வ் லூப்பை வெட்டும், அவ்வளவுதான். பின் வேலை செய்யாவிட்டாலும் வெட்டும் என்பது நிஜம். ஆனால் மூடும் லூப் கட்டர் துளை வழியே போகவில்லை என்றால் வெட்ட ஒன்றும் இருக்காது. ஆயுள் முடியும் தேதியை எழுதி வையுங்கள்.

கேள்வி: ரிக் உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது. கேனபியைத் துவைக்கலாமா?

இது மட்டும் விதிவிலக்கு. உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் நிறைய அலசுங்கள், சோப்பு வேண்டாம். நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். அதே நாளில் ரிக்கரைக் கூப்பிடுங்கள். ரிசர்வைப் பிரித்தே ஆக வேண்டும். ஏ.ஏ.டி.க்குத் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்று பார்த்த பிறகே மறுபடியும் அதை இயக்குங்கள்.

கேள்வி: துவைத்து ட்ரையரில் போட்டால்...

வேண்டாம்.

கேள்வி: முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம்?

மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நாலு மாதமாக ஜம்ப் போகவில்லை. நாளைக்குப் போகிறேன். ரிக் அலமாரியிலேயே இருந்தது.

வெளியே எடுத்து லூப்பைப் பாருங்கள். மூன்று வளையத்தைக் கழற்றிப் பிசையுங்கள். மடித்த கயிறுகளைப் பிடிக்கும் ரப்பர் பேண்டுகள் காய்ந்து வெடித்திருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். மெயினைப் பிரித்து மறுபடி மடியுங்கள். ரிசர்வ் கார்டில் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் நாளைக்கு அந்த ரிக்கைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இன்றே கொண்டுவாருங்கள்.